வதந்திக்கு முன்னால் வாசலுக்கு வருவது யார்?

2025 மார்ச்சில் தமிழ்நாடு சட்டசபையில் வாசிக்கப்பட்ட பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு இருந்தது. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைப் படிப்படியாகப் போடப் போவதாக சர்க்கார் தெரிவித்தது. வரி கூடுமா, குறையுமா என்று பட்ஜெட்டைப் புரட்டியவர்களில் எத்தனை பேர் இந்த இடத்தில் நின்று படித்திருப்பார்கள் என்பது சந்தேகமே. ஆனால் பெண் குழந்தையைப் பெற்ற ஒவ்வொரு வீட்டுக் கதவையும் ஒரு நாள் தட்டப் போகிற விஷயம் அது.

நோய் லேசானதல்ல. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான். 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, ஓராண்டில் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் காண்கிறது. சுமார் 80 ஆயிரம் பேர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பலர் குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதினர். ஒரு வகை வைரஸ் கிருமியே இதற்குக் காரணம். அந்தக் கிருமி உடலில் புகுவதற்கு முன், சிறு வயதிலேயே ஊசி போட்டால்தான் முழுப் பலன் கிடைக்கும். 2006 முதல் உலகில் வழக்கத்தில் இருந்து வரும் ஊசி இது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதை ஏற்றிருக்கின்றன. புனாவிலுள்ள சீரம் நிறுவனம் தயாரித்த இந்திய ஊசியும் 2023 ஜனவரியில் வெளிவந்துவிட்டது.

எனவே ஊசியின் பலனைப் பற்றி மருத்துவ உலகில் பெரிய தகராறு இல்லை. தகராறு எழக்கூடிய இடம் வேறு. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண் குழந்தை. கருப்பையைப் பற்றிய ஊசி. ஊர் பேர் தெரியாத யாரோ கைப்பேசியில் அனுப்பும் ஒரு வீடியோ. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஏறக்குறைய இதே போன்ற ஒரு பரீட்சை 2017-லேயே தமிழ்நாட்டில் நடந்து முடிந்துவிட்டது.

2017-ல் நடந்தது என்ன?

அந்த ஆண்டு பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா என்ற இரு நோய்களையும் தடுக்கும் ஊசியை 9 மாதம் முதல் 15 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் இயக்கம் தொடங்கிற்று. முதல் கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை கர்நாடகம், தமிழ்நாடு, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 1 கோடியே 76 லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போடத் திட்டம். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகளாதலால், பள்ளிகளிலேயே முகாம்கள் ஏற்பாடாயின.

ஊசி மருந்து குளிர்பெட்டியில் வந்து சேருவதற்குள் வதந்தி வந்து சேர்ந்துவிட்டது. "இது வெளிநாட்டுச் சதி" என்றது ஒரு செய்தி. "பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இருக்காது" என்றது இன்னொன்று. ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து நேர்ந்துவிட்டதாக எங்கோ எப்போதோ எடுத்த படங்கள் சுற்றி வந்தன. பெற்றோர் பலர் பிள்ளைகளை அன்றைக்குப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக் கொண்டனர். படிப்பில்லாதவர்கள்தான் பயந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நகரங்களில் கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளிலும் தயக்கம் இருந்தது. பிப்ரவரியில் முடிந்திருக்க வேண்டிய இயக்கத்தை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

வதந்தியை நம்பியவர்களை மூடர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அன்று தாய்மார்கள் கேட்ட கேள்விகளைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், அவற்றில் மூடத்தனம் எதுவும் இல்லை.

"என் பிள்ளைக்கு ஒரு வயதிலேயே தட்டம்மை ஊசி போட்டாகிவிட்டது. மறுபடியும் எதற்கு?" என்பது முதல் கேள்வி. "ரூபெல்லா கர்ப்பிணிகளைப் பாதிக்கும் நோய் என்கிறீர்கள். என் மகனுக்கு அந்த ஊசி எதற்கு?" என்பது இரண்டாவது. "இத்தனை நாள் இல்லாத அவசரம் இப்போது ஏன்?" என்பது மூன்றாவது.

மூன்றுக்கும் நேரான பதில்கள் உண்டு. 9 மாதத்தில் தட்டம்மை ஊசி போட்ட 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பாதுகாப்புக் கிடைக்கிறது. மீதிப் பேர் ஊசி போட்டும் போடாதவர்கள் போலவே இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவேதான் எல்லோருக்கும் இன்னொரு முறை. ரூபெல்லா, சிறுவனுக்கு வந்தால் இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடும். ஆனால் அவன் வீட்டில் கர்ப்பிணியான அக்காளோ சித்தியோ இருந்தால் அவளுக்கு ஒட்டிக்கொள்ளும். வயிற்றிலுள்ள சிசு கண்ணில் புரையோடும், காது கேளாமலும், இதயத்தில் குறையோடும் பிறக்கக்கூடும். பையனுக்குப் போடும் ஊசி, பிறக்கப் போகும் குழந்தைக்குக் காவல். தட்டம்மையோ மிக வேகமாகப் பரவும் நோய். நூற்றுக்கு 95 பேருக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் அது ஊருக்குள் பரவாமல் நிற்கும்.

பதில் இவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கலாம். ஆனால் அந்த ஐந்து நிமிஷப் பேச்சு, வதந்தி வருவதற்கு முன்பு எத்தனை வீடுகளுக்குப் போயிற்று? பல வீடுகளுக்கு முதலில் வந்தது, பையன் புத்தகப் பையில் கொண்டு வந்த ஒரு துண்டுச் சீட்டுதான். அதற்கு முன்பே கைப்பேசியில் வீடியோ வந்து காத்திருந்தது.

நர்ஸம்மாவைத் தெரிந்த தாயும் தெரியாத தாயும்

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தடுப்பூசி விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலமல்ல. கைக்குழந்தைகளுக்கு ஊசி போடுவதில் நாட்டில் முன்வரிசையில் நிற்பது. புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்பது கிராமத்துப் பாட்டிகளுக்கும் தெரியும். அப்படிப்பட்ட மாநிலத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஊசி என்றதும் ஏன் இத்தனை கலக்கம்?

காரணம் ஊசியில் இல்லை. ஊசியைப் பற்றிச் சொன்னவரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 8,700-க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 5,000 ஜனங்களுக்கு ஒன்று. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது கணக்கு. ஊரில் அவரை யாரும் இந்த நீண்ட பெயரால் அழைப்பதில்லை. "நர்ஸம்மா" என்றால்தான் தெரியும். ஒரு பெண் கருவுற்றதும் பெயரைப் பதிந்து 'பிக்மி' எண் வாங்கித் தருபவர் அவர். முத்துலட்சுமி ரெட்டி உதவித் தொகைக்கு வழி சொல்பவர் அவர். இரத்த சோகைக்கு மாத்திரை கொடுத்து, "சாப்பிட்டாயா, தூக்கிப் போட்டாயா?" என்று மிரட்டிக் கேட்பவரும் அவரே. பிள்ளை பிறந்தபின் எடை பார்த்து, ஊசி போட்டு, "ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பயப்படாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவார். சொன்னபடியே ராத்திரி காய்ச்சல் அடிக்கும், காலையில் தணியும். அவர் சொல்லில் தாய்க்கு நம்பிக்கை பிறப்பது அந்த ராத்திரியில்தான்.

ஆனால் பிள்ளைக்கு ஐந்து வயதானதும் இந்த உறவு ஏறக்குறைய அறுந்துவிடுகிறது. பத்து வயதுப் பையனின் தாய், நர்ஸம்மாவைச் சந்தித்து ஐந்து ஆண்டாகியிருக்கும். நகரத்தில் தனியார் டாக்டரிடம் ஊசி போட்ட குடும்பமானால், அவரைப் பார்த்தே இருக்காது. அத்தகைய பெற்றோரிடம், முன்பின் அறியாத ஒரு குழு பள்ளிக்கு வந்து ஊசி போடப் போகிறது என்று துண்டுச் சீட்டு சொல்கிறது. அதே நேரத்தில் வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை வருகிறது.

அந்த எச்சரிக்கையை அனுப்பியவர் யார்? பெரியப்பா மகன்; அல்லது பக்கத்து வீட்டு அக்காள்; அல்லது கூடப் படித்த தோழி. வதந்தியைக் கிளப்பிவிட்டவன் முகம் தெரியாதவனாக இருக்கலாம். வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பவர் எப்போதும் தெரிந்தவர்தான். வதந்தியின் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தெரிந்த முகம் சொன்ன பொய்க்கும், தெரியாத முகம் சொன்ன உண்மைக்கும் நடந்த போட்டியில், முதல் சுற்றில் பொய் ஜெயித்தது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவதால் இந்தப் போட்டி மாறிவிடாது. உண்மையைச் சொல்பவரும் தெரிந்த முகமாக இருந்தால்தான் மாறும்.

பெரியம்மை போன வழி

இது புதிய பாடமுமல்ல. பெரியம்மையை இந்த நாட்டிலிருந்து விரட்டிய கதையிலேயே இருக்கிறது. அம்மை என்றால் மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, மருந்து பேச்சையே எடுக்காத காலம் அது. வெறும் ஊசி போட்டுக்கொண்டே போனால் போதாது, நோய் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதை 1970-களின் தொடக்கத்தில் உத்தியோகஸ்தர்கள் உணர்ந்தார்கள். சுகாதார ஊழியர்கள் அம்மை போட்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வீடுவீடாகவும், சந்தை சந்தையாகவும், பள்ளிக்கூடங்களிலும் போய், "இந்த மாதிரி யாருக்காவது கண்டிருக்கிறதா?" என்று கேட்டார்கள். தகவல் தருபவருக்கு வெகுமதி வைத்தார்கள். 1975-ல் அந்த வெகுமதி 1,000 ரூபாய் வரை உயர்ந்தது. அந்த ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது.

அந்த ஊழியர்கள் ஜனங்களுக்குச் சொன்னதைவிட, ஜனங்களிடம் கேட்டது அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். சுகாதாரச் செய்தி என்பது மேலிருந்து கீழே கொட்டும் அருவி என்றே பலரும் நினைக்கிறார்கள். கீழிருந்து மேலே போகும் செய்தியும் அதே அளவு முக்கியம். 2017 பிப்ரவரியில் எந்த ஊரில் எந்த வதந்தி உலவியது என்பது, முகாம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே அதிகாரிகளின் மேஜைக்கு வந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

சொட்டு மருந்தும் சந்தேகமும்

போலியோ விஷயத்தில் வடநாட்டில் நடந்ததும் இதையே காட்டுகிறது. 2002-ல் இந்தியாவில் 1,600 குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்துக் குழந்தைகள். இத்தனைக்கும் அங்கே பிரசாரத்துக்குக் குறைவில்லை. சினிமா நட்சத்திரம் அமிதாப் பச்சனே டெலிவிஷனில் வந்து பெற்றோரைக் கண்டித்துப் பேசினார். ஆயினும் சில முஸ்லிம் பேட்டைகளில் கதவுகள் திறக்கவில்லை. "இது பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்து" என்ற வதந்தி அங்கேயும் பரவியிருந்தது.

அந்த வதந்திக்கு அடியில் ஒரு நியாயமான குறையும் இருந்தது. "எங்கள் தெருவில் சாக்கடை இல்லை; பிள்ளைக்குப் பேதி கண்டால் டாக்டர் இல்லை; யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தச் சொட்டு மருந்து மட்டும் மாதா மாதம் தேடி வருகிறதே, ஏன்?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதானே?

இதற்குக் கண்ட பரிகாரம் இரண்டு. அந்தந்தப் பேட்டையிலேயே வசிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சில நூறு வீடுகள். எந்த வீட்டில் எத்தனை குழந்தை, யார் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் நோட்டில் இருந்தது. பள்ளிவாசல்களிலிருந்து மௌல்விகளே அறிவிப்புச் செய்தார்கள். இரண்டாவதாக, சொட்டு மருந்தோடு பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், கை கழுவும் பழக்கம், தெருச் சுகாதாரம் ஆகியவற்றையும் சேர்த்துக் கவனித்தார்கள். 2009-ல் 741 ஆக இருந்த நோயாளிகள் எண்ணிக்கை, புதிய சொட்டு மருந்தும் சேர்ந்து கைகொடுத்ததால் 2010-ல் 42 ஆகக் குறைந்தது. 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்து ஹௌரா ஜில்லாவில் ஒரு குழந்தைக்குக் கண்டதே கடைசி. 2014 மார்ச் 27-ல் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ ஒழிந்த பிரதேசமாக அறிவிக்கப்பட்டது.

நட்சத்திரம் சொன்னதைக் கேட்டு ஜனங்கள் சொட்டு மருந்து முகாமைப் பற்றித் தெரிந்து கொண்டார்கள். கதவைத் திறந்தது அடுத்த தெருப் பெண் சொன்ன பிறகுதான்.

பத்திரிகையும் ரேடியோவும் எதற்கு?

அப்படியானால் பத்திரிகை, ரேடியோ, டெலிவிஷன் இவற்றுக்கு வேலையே இல்லையா? நிச்சயமாக உண்டு. அவற்றால்தான் முடியும் என்ற வேலையும் உண்டு.

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல் சென்னையில்தான். அந்தக் காலத்தில் அதைப் பற்றி வீட்டுக்குள் வாயைத் திறக்க முடியாது. 2003-ல் தமிழ்நாடெங்கும் சுவர்களிலும் விளம்பரப் பலகைகளிலும் ஒரு கேள்வி முளைத்தது: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" யார் இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் பேசினார்கள், சிரித்தார்கள், முகம் சுளித்தவர்களும் உண்டு. பேசக் கூடாத பேச்சு, பேசக் கூடிய பேச்சாயிற்று. பொது இடத்தில் ஒரு பேச்சைத் தொடங்கி வைப்பது பிரசாரத்தால்தான் முடியும். ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்தவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆலோசகர் ஒருவர் வேண்டியிருந்தது. அந்த வேலையை எந்த விளம்பரப் பலகையும் செய்திருக்க முடியாது.

கொரோனாக் காலத்தில் இதன் மறுபக்கமும் தெரிந்தது. 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக் கொண்டு, எல்லோரும் பயப்படாமல் போட்டுக் கொள்ளும்படி கேட்டுக் கொண்டார். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 17-ஆம் தேதி காலமானார். இதய இரத்தக் குழாய் அடைப்பே காரணம், ஊசியல்ல என்று டாக்டர்கள் உடனே சொன்னார்கள். அந்தச் சொல் எடுபடவில்லை. ஊசி போட வந்து கொண்டிருந்தவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய சர்க்காரின் நிபுணர் குழு முடிவு சொன்னபோது அக்டோபர் ஆகியிருந்தது. ஒரு பெரிய முகத்தை நம்பிச் செய்யும் பிரசாரம், அந்த முகத்துக்கு ஏதேனும் நேர்ந்தால் ஒரே நாளில் சாய்ந்துவிடுகிறது. ஆயிரம் சிறிய முகங்களை நம்பிச் செய்யும் வேலை அப்படிச் சாய்வதில்லை. அதே 2021-ல் நீலகிரி மலையில், பழங்குடி மக்களுக்குப் பழக்கமான சுகாதார ஊழியர்களும் தொண்டு நிறுவனத்தாரும் கிராமம் கிராமமாக ஏறிப் போய் அவர்கள் பாஷையிலேயே பேசினார்கள். ஜூன் மாத இறுதிக்குள் அங்கே 18 வயது நிரம்பிய பழங்குடியினரில் பெரும்பாலோர் ஊசி போட்டுக் கொண்டுவிட்டனர்.

பத்திரிகைகளின் பொறுப்பையும் மறைக்கக் கூடாது. ஜப்பான் நாட்டில் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஊசியை நூற்றுக்கு 70 அளவில் பெண்கள் போட்டுக் கொண்டிருந்தார்கள். ஊசிக்குப் பின் வலியும் நடுக்கமும் வந்ததாகச் சில சிறுமிகளின் கதைகள் செய்தித்தாள்களிலும் டெலிவிஷனிலும் மீண்டும் மீண்டும் வந்தன. 2013 ஜூனில் அந்நாட்டு சர்க்கார், ஊசி போட்டுக் கொள்ளும்படி சொல்வதையே நிறுத்திக் கொண்டது. நூற்றுக்கு ஒருவர்கூடப் போடாத நிலை வந்தது. ஊசி காரணமல்ல என்று ஆராய்ச்சிகள் சொன்ன பிறகும், பழைய உத்தரவைத் திரும்பக் கொண்டு வர 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. இடையில் ஊசியை இழந்தவர்கள் ஒரு தலைமுறைப் பெண்கள்.

சொந்த நாட்டு அனுபவங்கள் இரண்டு

இந்த ஊசிக்கு நம் நாட்டிலும் ஒரு பழங்கதை உண்டு. 2009-ல் ஆந்திரத்தின் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தின் வடோதராவிலும் சோதனைத் திட்டமாக இதைப் பெண் குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஊசி போட்டவர்களில் 7 பேர் பிற்பாடு இறந்து போனதாகத் தெரிந்து பெருங்கூச்சல் எழுந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணையில், அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க இடமில்லை என்று தெரிந்தது. ஆனால் வேறொரு குற்றம் வெளிப்பட்டது. ஆந்திரத்தில் விடுதியில் தங்கிப் படித்த பல பெண்களுக்குச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள் பெற்றோர் அல்லர். விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும்தான். பெற்றவளைக் கேட்காமல் பிள்ளைக்கு ஊசி போட்டது வதந்தியல்ல, நடந்த உண்மை. அப்படி ஓர் உண்மை இருந்தால் அதன்மேல் நூறு வதந்திகள் வளரும். பார்லிமெண்டு நிலைக்குழுவும் 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

இதற்கு நேர்மாறானது சிக்கிம். 2018-ல் அந்தச் சிறு மாநிலம் 9 முதல் 13 வயதுப் பெண்களுக்கு இதே ஊசியைப் போட்டது. ஊசிக்கு முன்பே ஆசிரியர்கள், பெற்றோர், டாக்டர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். கேள்விகளுக்கு முன்னதாகவே பதில் சொன்னார்கள். நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்ட பெண் குழந்தைகள் போட்டுக் கொண்டனர். இரண்டு இடத்திலும் போடப்பட்டது ஒரே நோய்க்கான ஊசி. வித்தியாசம் முன்னேற்பாட்டில்தான் இருந்தது.

இனிச் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் இந்த ஊசி ஊர்தோறும் பரவும்போது, 2017-ஐயும் கம்மத்தையும் சிக்கிமையும் நினைவில் வைத்துக் கொண்டால் வழி தெளிவாகவே இருக்கிறது.

முதலாவதாக, துண்டுச் சீட்டுக்கு முன்னால் நர்ஸம்மா போக வேண்டும். பள்ளியில் பெற்றோர் கூட்டம் கூட்டி, அந்த ஊருக்குரிய செவிலியரே எழுந்து நின்று பேச வேண்டும். மகளிர் குழுக்களிலும் பேச வேண்டும். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக் கொண்டு வீடுவீடாகப் போன பெண் தன்னார்வலர்களும் அந்தந்தப் பகுதிக்குத் தெரிந்த முகங்களே. பாட்டிக்கு மாத்திரை கொண்டு வந்த பெண், பேத்தியின் ஊசியைப் பற்றிச் சொன்னால் வீட்டில் கேட்பார்கள்.

இரண்டாவதாக, சம்மதம் என்பது சடங்காக இருக்கக் கூடாது. ஊசி எதற்கு, என்ன உபாதை வரும், வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை எளிய தமிழில் எழுதி, கேள்வி கேட்க நேரமும் கொடுத்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 104 என்ற மருத்துவ உதவி எண் 2013-லேயே வந்துவிட்டது. அதோடு அந்த ஊர்ச் செவிலியரின் பெயரும் எண்ணும் அந்தத் தாளில் இருந்தால் தாய்க்குத் தைரியம் வரும்.

மூன்றாவதாக, மறைக்காமல் சொல்ல வேண்டும். வளரும் வயதுப் பெண்கள் ஊசி போட்டதும் சில நேரம் மயங்கி விழுவது உண்டு. பயத்தாலும், காலையில் சாப்பிடாமல் வருவதாலும் அப்படி நேர்வதுண்டு; எந்த ஊசிக்கும் இது பொது. உட்கார வைத்துப் போட்டு, சற்று நேரம் அங்கேயே இருக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. இதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட்டால், ஒரு பெண் மயங்கினாள் என்பது வெறும் மயக்கமாக முடியும். சொல்லாமல் விட்டால், அன்று மாலைக்குள் பத்து ஊர் கலங்கும். பத்திரிகைகளும், "ஊசி போட்ட மாணவி மயக்கம்" என்று தலைப்புப் போடுவதற்கு முன்பு, டாக்டரைக் கேட்டு அவள் மாலையில் எழுந்து வீடு போய்ச் சேர்ந்த செய்தியையும் அதே இடத்தில் போட வேண்டும்.

நான்காவதாக, ஊரில் என்ன பேசிக் கொள்கிறார்கள் என்பதை மேலே சொல்லவும் அந்தச் செவிலியருக்கு வழி இருக்க வேண்டும். "எங்கள் ஊரில் இப்படி ஒரு வீடியோ சுற்றுகிறது" என்று காலையில் சொன்னால், மாலைக்குள் அவர் கைப்பேசியில் பதில் வந்து சேர வேண்டும். பதில் இல்லாமல் அவரை வாசலுக்கு அனுப்புவது, துடைப்பம் இல்லாமல் பெருக்கச் சொல்வது போல.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் நர்ஸம்மாவுக்கு நேரம் வேண்டும். அவருடைய பொழுதின் பெரும் பகுதியைப் பதிவேடுகளும் கம்ப்யூட்டரில் ஏற்றும் புள்ளிவிவரங்களும் விழுங்கிவிடுகின்றன. ஒரு பணியிடம் காலியானால் அடுத்த ஊரையும் அவரே சுமக்கிறார். மற்ற மாநிலங்களில் இந்தப் பொறுப்பைத் தோளில் தாங்கும் 'ஆஷா' ஊழியர்கள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அவர்களுக்கு விருது கொடுத்துப் பாராட்டியது. ஆனால் அவர்கள் பெறுவது மாதச் சம்பளமல்ல, வேலைக்கு இவ்வளவு என்ற ஊக்கத் தொகை. ஒரு தாயிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிச் சந்தேகம் தீர்த்ததற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது. போட்ட ஊசிக்குக் கணக்கு உண்டு. போக்கிய பயத்துக்குக் கணக்கு இல்லை.

அந்தக் கணக்குத் தவறினால் யார் கொடுத்துத் தீர்ப்பது? 2022 கடைசியில் பம்பாய் நகரத்தின் கோவண்டிப் பகுதியிலும் மற்றப் பேட்டைகளிலும் தட்டம்மை பரவிப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். கொரோனாக் காலத்தில் ஊசி விட்டுப் போன குழந்தைகள் அங்கே ஏராளம். அந்த இடைவெளி உடனே தெரிந்தது, தட்டம்மை காத்திருக்காது. கருப்பை வாய்ப் புற்றுநோய் காத்திருக்கும். இன்று 14 வயதில் ஊசியை மறுத்துத் திரும்பும் பெண்ணுக்கு, அதன் விளைவு அவள் நாற்பதிலோ ஐம்பதிலோ பிள்ளைகளைக் கரையேற்றும் வயதில் தெரிய வரலாம். அன்றைக்கு அந்த வீடியோவை அனுப்பியவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

மருந்து தயாராக இருக்கிறது. பள்ளிக்கூடமும் இருக்கிறது. ஊருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் இருக்கிறது. பாக்கியிருப்பது, முகாமுக்கு ஒரு மாதம் முன்பாக நர்ஸம்மாவின் கையிலுள்ள பதிவேட்டை வாங்கி வைத்துவிட்டு, "போய்ப் பேசிவிட்டு வாருங்கள்" என்று அவரை அனுப்பி வைப்பதுதான்.